என் பெயருக்கு வந்த வைத்தியர் பில்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். என் மனைவி இருந்தவரை துணிவு வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்று மாரியம்மனுக்குச் சூடம் காட்டிவிட்டு எழுதத் தொடங்கினேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. அவள் மலையில் கொழுந்து எடுத்தாள். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பக்கத்து லயத்து வீட்டு வரிசையை மூடியது. அதிலிருந்து கூரைத் தகரத்தில் மழை விழுந்தாலே அவளுக்குக் கைகால் நடுங்கும். உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவாள். ஒரு நாள் வேலைக்குப் போனால் இரண்டு நாள் போகமாட்டாள்.

மனசு சரியில்லை என்று ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் வேறு. எந்தக் காகிதம் யார் கைக்குப் போய் எங்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுமோ என்று பயந்துகொண்டே இருந்தோம்.

ஹட்டனில் ஒரு டாக்டர் மனக்கோளாறுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் அவளைக் கூட்டிப்போனேன். வாசலில் கம்பவுண்டர் புத்தகத்தோடு இருந்தார்.

“மொத தடவைக்கு பத்து ரூபா, அப்புறம் அஞ்சு அஞ்சு. உள்ள போறதுக்கு முந்தியே கட்டிரணும். குறிச்ச நாளைக்கு வராட்டி பாதிக் காசு. மொத நாளே சொல்லிட்டீங்கன்னா அது வேணாம். கட்டாட்டி பில்லு தபால்ல வரும்.”

“மருந்துக்கு எவ்வளவுங்க?”

“மருந்து இல்ல. டாக்டர் பேசுவாரு.”

“பேசுறதுக்கா அஞ்சு ரூபா? எங்க கங்காணி காலையிலேருந்து சும்மாதானே பேசுறாரு.”

“அதைக் கேட்டுக் கேட்டுத்தானே இங்க வர்றீங்க” என்று சிரித்தார். பிறகு, “நோயாளி பேரு?” என்றார்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. அவள் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது என்று என் பேரைச் சொன்னேன். தோட்டத்து விலாசத்தையும் கொடுத்தேன்.

மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு நாள் மழை பெய்யும்போதே உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். நான்காவது தடவைக்குப் புறப்பட்ட அன்று ரோட்டில் மண் விழுந்து பஸ் ஓடவில்லை. முன்கூட்டிச் சொல்ல வழி ஏது? தோட்டத்தில் இருந்த ஒரே டெலிபோன் தொரையின் மேசைமேல் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கடிதமெல்லாம் ஆபீசுக்கு வந்து, காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது கைக்கு வரும். இங்கிலீஷ் கடிதமென்றால் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று பெரிய கிளாக்கர் தானே உடைத்து எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொல்வார். அதை உதவியென்றே நினைத்திருந்தோம்.

ரோடு திறந்ததும் ஹட்டனுக்கு ஓடினேன். “பாதிக் காசு கொண்டாந்திருக்கேங்க, பில்லு போட்டுறாதீங்க.”

“நேத்தே போட்டாச்சே” என்றார் கம்பவுண்டர்.

அடுத்த நாள் பெரட்டுக்குப் போய் நின்றேன். முருகா முருகா என்று உதடு ஓடிக்கொண்டிருந்தது. அன்று பில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கிளாக்கர் என் பேரைக் கூப்பிட்டார்.

“ஹட்டன் டாக்டர் பில்லு. வராத நாளுக்கு ரெண்டரை ரூபா. மனக்கோளாறு பாக்குற டாக்டராம்.”

களமே சிரித்தது. “அதான் மாப்புள மெஷினோட பேசிக்கிட்டு நிக்கிறான்” என்றார் கங்காணி. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

“மெஷின்ல நிக்கிறவன் நீ. கைய உள்ள விட்டுட்டா யாரு பதில் சொல்றது? வைத்தியம் ஒனக்கா?”

கொழுந்துக்காரப் பெண்களின் வரிசையில் கூடையோடு நின்ற என் மனைவி என்னையே பார்த்தாள்.

இவ்வளவு காலம் மறைத்தது இதைத்தான். ‘எனக்கில்லங்க, அவளுக்கு’ என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். மெஷின் வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன். அவளை நினைக்கவில்லை. ஆனால் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை. தலை தானாகக் குனிந்தது. கண்டாக்கு ஐயா அதை ஆமென்று எடுத்துக்கொண்டார்.

“சரி. நாளையிலேருந்து மலையில தண்ணிக் கான் வெட்டப் போ.”

வீட்டுக்கு வந்ததும் அவள் என் கையைப் பிடித்து அழுதாள். “என்னைக் காட்டிக் குடுக்கலியே நீங்க.” நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பிறகும் பத்து மாதம் ஹட்டனுக்குப் போனோம். என் பேரை எடுத்துவிட்டு வேறு ஏதாவது பேர் போடச் சொன்னதற்கு, “புதுசா பதியணும், மொத தடவைக் காசு திரும்பக் கட்டணும்” என்றார் கம்பவுண்டர். பத்து ரூபாய்க்கு எங்கே போவது? கடைசிவரை நோயாளி நான்தான். அம்மன் கண் திறந்தாள், அவள் சுகமானாள். ஃபெக்டரிக்குள் நான் மறுபடி போகவேயில்லை.

அவள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அதில் நான் மனைவிக்காகப் பழியைத் தாங்கிய பெரிய மனுஷன். கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் வாயைத் திறந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். எழுதியது எழுதியபடியே போகட்டும். சாமி அறிந்த கணக்கும் அதுதான்.