கண்மையும் ஒரு போஸ்ட் டொக் வேலையும்

"லைட் அடிச்சால் கண் கூசும். இதைச் சொல்ல ஒரு டொக்டர் பட்டமோ, பிள்ளை?"

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நகைக்கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய புதிதில். கடை நிறைய வெள்ளை பல்புகள். அவற்றின் கீழே நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆளே நான்தான். அதற்கு மேலும் படிக்கிறேன் என்றால் கொஞ்சம் திமிர் இருக்காதா? இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் போன வாரம் அந்த மாமாவை நினைத்துக்கொண்டேன்... அன்போடு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என் வேலை. கண் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. வெளியே பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்வதும் கண்தான். அதற்கென்றே கண்ணின் பின்புறத்தில் சில உயிரணுக்கள் இருக்கின்றன. நீல வெளிச்சத்தைக் காட்டி அணைத்தால், கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் – கண்மணி – உடனே விரிந்துவிடாது. சிறிது நேரம் சுருங்கியே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து அந்த உயிரணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கணிக்கலாம்.

இதில் எனக்கென்று ஒரு கேள்வி இருந்தது. அதை அப்பாவிடமிருந்து எடுத்தேன். அவர் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவுகிறார். குளிர்காலத்தில் விடிவதற்கு முன் கீழே இறங்கினால், இருட்டிய பிறகுதான் மேலே வருவார். லீவு நாளில் வெயிலில் நடந்தால் தலை இடிக்கிறது என்பார். பகலையே காணாத கண் வெளிச்சத்துக்கு எப்படிப் பதில் சொல்லும்? எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. அங்கே யாருடைய அப்பாவும் நிலவறையில் வேலை செய்யவில்லை.

கேட்டேன். ஆய்வுக்கூட இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. அவரை மதாம் என்றே வைத்துக்கொள்வோம். சிறிதாக ஒரு சோதனை செய்து பார், நிதி கேட்கலாம், கிடைத்தால் ஒரு போஸ்ட் டொக் வேலை திறக்கும் என்றார். பட்டம் முடித்தவர்கள் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்யும் வேலை அது. (லா சப்பலில் இதை விளக்குவது கஷ்டம். "இன்னும் படிச்சு முடியேல்லையோ?" என்பார்கள்.) வேலை உனக்குத்தான் என்று மதாம் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கு ஆட்கள் வேண்டுமே? பாரிசுக்கு வெளியே ஸ்தேனில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் சாந்தி அக்கா இருக்கிறார். லா சப்பல் உணவகம் ஒன்றின் நிலவறைச் சமையலறையில் வேலை. தன்னோடு வேலை செய்யும் பெண்களையும் கூட்டிக்கொண்டு, உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.

வந்தார்கள். எப்படி? ரூ பஜோல் தெருக் கோயில் தேருக்கு வெளிக்கிட்டது போல! பட்டுச் சேலை, சங்கிலி, பூ. கண்ணில் தடிப்பாக மை.

நான் திகைத்துப் போனதைப் பார்த்து அக்கா சிரித்தார். "உன்ரை இடத்துக்கு ஏனோதானோ எண்டு வரேலுமே? நாலு வெள்ளைக்காரர் பாப்பினம். எங்கடை பிள்ளைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த மைதான் பயமாக இருந்தது. எங்கள் கமெரா கண்ணில் மிகக் கறுப்பான இடத்தைத் தேடும். அதுதான் கண்மணி என்று முடிவு செய்யும். மையைக் கண்டால் மயங்கிவிடும்.

கழுவச் சொன்னேன். முகத்தை ஈரமாக்கிக்கொண்டு வந்தார்கள் – மை அப்படியே இருந்தது. தண்ணீர் பட்டாலும் கரையாது என்று கடையில் சொல்லி விற்ற மை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு விட்டால் மெசின் கிடைக்காது என்று கூட வேலை செய்பவர் அவசரப்படுத்தினார். எடுத்தோம். பயந்தபடியே நடந்தது. மெசின் இமையோரத்து மையைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் அளவை அளந்துகொண்டிருந்தது.

மதாம் படங்களைப் பார்க்கவில்லை. கண்மணியின் அளவைக் காட்டிக் கணினியில் வந்த கோடுகளை மட்டும் பார்த்தார். கறுப்புக் கண்களில் அளவு சரியாக வராது போலிருக்கிறது என்றார். கண்ணில் இல்லை மதாம், மையில் என்றேன். எங்கள் கமெரா அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. அதில், கண்மணியைச் சுற்றியுள்ள எங்கள் கருவிழி வெளிர் சாம்பலாகத்தான் தெரியும். இது அவருக்குத் தெரியாததா? ஆனால் நிதி விண்ணப்பம் அந்த வாரமே போக வேண்டுமாம். அதில் எழுதிவிட்டார் – இந்த மக்களின் கண்களில் அளவீடு நம்பகமாக இல்லை. அதற்குப் புதிய முறை ஒன்று தேவை என்று.

நிதி வந்தது. கேள்வி நல்ல கேள்வி அல்லவா?

அக்காவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது சொன்னேன்.

"எங்கடை கண்ணிலை பிழையாமோ?"

"இல்லையக்கா. மையாலை வந்தது."

"அதை அவைக்குச் சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான்."

"பிறகு?"

நான் மின்தூக்கிப் பொத்தானை மறுபடியும் அழுத்தினேன். மின்தூக்கிக் கதவு திறந்தபோது அக்கா சொன்னார்: "திருப்பி எடு. வெறுங் கண்ணோடை வாறம்."

இரண்டு தடவை வருவதற்கு அவர்கள் ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்தார்கள். இரண்டாவது தடவை தேவையில்லை என்று விட்டவர் மதாம்தான். நான் மெசினை ஒழுங்கு செய்தேன். முதல் நாளே தேங்காயெண்ணெய் போட்டு மையை எடுத்துவிட்டு வந்தார்கள். சேலை இல்லை, பூ இல்லை. வேலைக்குப் போகும் குளிர்ச்சட்டை. கோடுகள் சுத்தமாக வந்தன. நான் பார்த்ததிலேயே அழகான கோடுகள்.

போன வாரம் அவற்றை மதாமிடம் காட்டினேன். மிகவும் பாராட்டினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, போஸ்ட் டொக் வேலையைப் பற்றிப் பேசினார். நான் இந்த மக்களுக்கு மிக அருகில் இருக்கிறேனாம். விலகி நின்று பார்க்கக்கூடிய ஒருவர்தான் நல்லதாம். ஆனால் என்னை இழக்க அவருக்கு மனமில்லை. மணித்தியாலக் கணக்கில் ஒரு வேலை இருக்கிறது – ஆட்களுக்குப் போன் எடுப்பது, மொழிபெயர்ப்பது, வருவதற்கு முன் ஆயத்தப்படுத்துவது.

அதாவது, மை பூசாமல் வாருங்கள் என்று சொல்வதற்கு ஓர் ஆள்.

நீலக் கண்ணோடு நீலக் கண்களை ஆராய்கிறவரிடம் 'நீ மிக அருகில் இருக்கிறாய்' என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் கேட்டதில்லை.

திரும்பி வரும்போதுதான் நகைக்கடை மாமாவை நினைத்தேன். அவர் சந்தேகப்பட்டார். முகத்துக்கு நேரே சிரித்தார். பிறகு பட்டம் கிடைத்த அன்று கடைக்கு வெளியே வந்து, தெருவில் போன எல்லோருக்கும் "எங்கடை டொக்டர்" என்று காட்டினார். மதாம் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. புகழ்ந்தார். புகழ்ந்துகொண்டே நான் உட்கார இருந்த கதிரையை எடுத்து வேறு ஒருவருக்குப் போட்டார். சந்தேகப்படுகிறவர்களிடம் நிரூபித்துக் காட்டலாம். புகழ்கிறவர்களிடம் என்ன செய்வது?

வேலைக்கான விளம்பரம் இப்போது வெளிவந்துவிட்டது. என் கேள்வி, வார்த்தைக்கு வார்த்தை. கீழே ஒரு குறிப்பு: பாரிசிலுள்ள புலம்பெயர் சமூகங்களோடு தொடர்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சிரிப்பதா?

மணித்தியால வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு வருத்தம். கையிலிருந்ததை விட்டுவிட்டாயே என்றார்.

தெரிவுக் குழுவில் மதாம் மட்டும் இல்லை. வெளியிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோடுகளோடு படங்களையும் பார்க்கட்டும். சாந்தி அக்காவின் அனுமதியோடு, சோதனைகளில் பதிவான அவருடைய படங்களில் இரண்டைத் தெரிந்தெடுத்தேன். ஒன்றில் மையைச் சுற்றி மெசின் போட்ட வட்டம். மற்றதில் அதே கண், மை இல்லாமல், கண்மணியைச் சுற்றி வட்டம். இரண்டுக்கும் கீழே 'கண்ணில் பிழையில்லை' என்று பிரெஞ்சில் ஒரே ஒரு வரி எழுதி, விண்ணப்பத்தோடு சேர்த்தேன்.

அதே போஸ்ட் டொக் வேலைக்கு, என் பெயரில், நேற்று அனுப்பிவிட்டேன்.