யார் பேச்சை நாய் கேட்பது?

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர் ஒழுங்காகத்தான் இருந்தோம். பாமன்கடையில் தன்னோடு வேலை செய்பவரின் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர், ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார்.

"பார்க்கத்தானே போனீங்கள்?"

"ஓம், பார்த்தனான். அதுவும் என்னைப் பார்த்தது."

பதினாறு வயது மகள் பெட்டியைத் திறந்த நிமிடத்தில் எங்கள் வீட்டில் என் அபிப்பிராயம் காலாவதியாகிவிட்டது.

முதல் வாரத்தில் குட்டி செற்றிக் கதிரையின் ஒரு காலையும், கணவரின் சப்பாத்து ஒன்றையும், சாமிப் படத்துக்கு வைத்த செவ்வரத்தம் பூவையும் தின்றது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. கீழ் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர்தான் சொன்னார். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பியதும் குட்டி ஊளையிடத் தொடங்குமாம்.

"பிள்ளை, அது அழுகிற அழுகையில எனக்கு ஒவ்வொரு நாளும் செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்குது."

கணவர் ஃபேஸ்புக்கில் ஒரு பயிற்சியாளரைப் பிடித்தார். முன்னாள் இராணுவக்காரர். சனிக்கிழமை காலை விசிலோடு வந்து, வாசலில் நின்றபடியே சிங்களத்தில் அறிவித்தார். "பல்லாட்ட லொக்கா கவுத கியலா தேரென்ன ஓனே." வீட்டுக்கு யார் தலைவர் என்று நாய்க்கு விளங்க வேண்டுமாம். யார் தலைவர் என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையை மொப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

தலைவர் நாய்க்கு முன்னால் சாப்பிட வேண்டும், கதவால் முதலில் நுழைய வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு வாரம் என் கணவர் மகளையும் என்னையும் தள்ளிக்கொண்டு கதவு கதவாக முதலில் நுழைந்தார். நாயின் கோப்பைக்கு முன்னால் நின்று கம்பீரமாக பிஸ்கட் தின்றார். பிறகு "சிட்!" என்று கத்தினார். குட்டி பயத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. மொப் மறுபடியும் என் கையில். அடுத்த சனிக்கிழமை பயிற்சியாளர் கழுத்துப் பட்டியைச் சுண்டி இழுத்தபோது குட்டி வீரிட்டது. மகள் பட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டியது. மரியாதை பார்த்துக்கொண்டு நின்றதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அடுத்தது ஹெவ்லொக் டவுனில் ஞாயிறு வகுப்பு. அங்கே வந்த நாய்களுக்கு எங்களைவிட நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தது. தங்க நிற நாயொன்றைப் பிடித்திருந்த பெண்மணி எங்களுடையது என்ன இனம் என்று கேட்டார். "பாமன்கடை," என்றார் கணவர். அந்தப் பெண்மணி மரியாதையாகத் தலையாட்டினார். வகுப்பில் சீஸ் கொடுத்தார்கள். சீஸ் கண்ணுக்கு முன்னால் இருந்தவரை எங்கள் குட்டி ஞானிபோல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கைப்பைக்குள் தலையை விட்டுச் சீஸ் தேடியது. உட்காரவில்லை.

தடுப்பூசிக்காகக் களுபோவிலயில் ஒரு மிருக வைத்தியரிடம் போனபோது எங்கள் சோகத்தைக் கொட்டினோம். அந்தப் பெண் டொக்டர் ஊசியைத் தயார் செய்தபடியே கேட்டார்: "அத உக்கார வைக்க என்ன சொல்றீங்க?"

"சிட்," என்றார் கணவர்.

"இரு," என்றாள் மகள்.

"ஐயோ, இறங்கித் துலை," என்றேன் நான்.

டொக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு நாலு மாசம்தான். மூணு பேரும் மூணு மாதிரி சொன்னா அது யார் பேச்சக் கேக்கிற? முதல்ல நீங்க ஒரு சொல்லுக்கு வாங்க." தனியாக விடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொன்னார். ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்ப வேண்டும், பிறகு இரண்டு, பிறகு ஐந்து.

அன்றைக்கே வாக்கெடுப்பு நடத்தினோம். 'இரு' வென்றது. என்னுடைய சொல்லுக்கு என் வாக்கு மட்டும்தான்.

மறுநாள் மாலை, கைப்பையோடு என் வீட்டுக் கதவுக்கு வெளியே நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கணக்காளர் படியேறி வந்தார்.

"என்ன பிள்ளை, கதவுத் திறப்பு துலைஞ்சுபோச்சோ?"

"இல்லை அங்கிள், நாய்க்குப் பழக்கிறம்."

"நாய் உள்ளுக்க இருக்குது, நீங்கள் வெளியில நிக்கிறீங்கள். ஆர் ஆரைப் பழக்கிறது?"

கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்து தன் மணிக்கூட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து எங்கள் நேரக்காப்பாளர் அவர்தான். பகலில் கீழிருந்து காதைக் கொடுத்துக் கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார். 'பதினொரு நிமிஷம் அமைதி. பிறகு ஒரு ஊளை. சின்னது.'

ஆறாவது வாரம் ஒருநாள் செய்தியே வரவில்லை. பதறிக்கொண்டு வந்தால் அவர் எங்கள் கதவடியில் நின்றார். "காலையில இருந்து சத்தமே இல்லை. செத்துக்கித்துப் போச்சோ எண்டு பயந்துபோனன்." கதவைத் திறந்தேன். குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்தது. அவர் குனிந்து, என்னைவிடத் தெளிவாக, "இரு," என்றார். இருந்தது.

"நாளைக்குத் திறப்பைத் தந்திட்டுப் போங்கோ," என்றார் அவர், குட்டியின் காதைத் தடவியபடி. "மத்தியானத்தில எனக்கும் ஒரு வேலையும் இல்லை."