எட்டு பதிமூன்று லேடீஸ் டப்பாவும் ஒரு பென் டிரைவும்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம் மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி இறந்து ஒரு வருடம் முடிய இருந்தது. திவசத்துக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்தது ஆதார் அட்டைப் படம் மட்டும்தான். அதில் போலீஸ் பிடித்து வந்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். அதைப் பெரிதாக்கி மாலை போட எனக்கு மனசு வரவில்லை. கல்யாண ஆல்பம் என்றைக்கோ மழைத் தண்ணீரில் ஊறிப் போய்விட்டது. அவளுடைய போனை ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். நாசமாய்ப் போகிறவன்.

அவள் கைப்பையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. மாட்டுங்காவில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்தாள். போனில் இடம் நிறைந்தால் படங்களை அதில் ஏற்றி வைப்பதாக எப்போதோ சொன்ன ஞாபகம். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் செருகினால் பாஸ்வேர்டு கேட்டது. அவள் பெயரைப் போட்டேன். கல்யாணத் தேதி, குலசாமி பெயர், இன்னும் என்னென்னவோ, எதற்கும் திறக்கவில்லை. என் பெயரையும் போட்டேன். அதற்கும் திறக்காதபோது கோபம் தலைக்கேறியது. வாயில் வந்த கெட்ட வார்த்தையைக்கூட அடித்துப் பார்த்தேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செருகிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"பாய்சாப், பத்து தடவை தப்பாப் போட்டா இது தானாவே எல்லாத்தையும் அழிச்சிடும். இன்னும் ரெண்டுதான் பாக்கி. இனிமே இதுல கை வைக்காதீங்க."

"உடைச்சு எடுக்க முடியாதா?"

"உடைச்சா உள்ளே ஒண்ணும் படிக்க முடியாது. அவங்க ஃபிரெண்ட்ஸ் யாரையாவது கேளுங்க."

"அவளுக்கு ஏதுய்யா ஃபிரெண்டு? வாயே திறக்கமாட்டா!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

பொய் இல்லை. வீட்டில் அவள் பேசுவதே அபூர்வம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம். கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது. சாவு அன்றைக்கு, முன்பின் தெரியாத பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். என் சொந்தக்காரர்களைவிடச் சத்தமாக அழுதார்கள். கூட வண்டியில் போகிறவர்கள் என்று யாரோ சொன்னார்கள். அழுதுவிட்டுப் போய்விட்டார்கள்.

மும்பையில் லோக்கல் ரயிலுக்கு நேரம்தான் பெயர். அவள் வண்டி எட்டு பதிமூன்று. மறுநாள் காலை லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றேன். வண்டி வந்தது. வாசலில் பிதுங்கிக்கொண்டிருந்த பெண்களிடம் முண்டியடித்துப் போனேன்.

"ஏ! லேடீஸ் ஹை! அந்தா ஹை க்யா?" கண் குருடா என்று கேட்டு ஒருத்தி கைப்பையால் என் தோளில் ஒரு போடு போட்டாள். "போலீஸைக் கூப்பிடுங்கடி!" என்று இன்னொரு குரல். நான் அவளுடைய ஆதார் ஜெராக்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

"அரே ருகோ! ரேடியோ கா ஆத்மி ஹை!" என்றாள் உள்ளே இருந்து ஒருத்தி. ரேடியோவின் வீட்டுக்காரர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் ஒரு பெண் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். வண்டி போய்விட்டது. காலை நேரத்தில் இந்த ஊரில் யாரும் யாருக்காகவும் தன் வண்டியை விடமாட்டார்கள்.

பேச்சிலேயே தெரிந்தது, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். "என்ன அண்ணாச்சி, லேடீஸ் டப்பாவுல வந்து முட்டுதீங்க?" என்றாள்.

"ரேடியோங்கது யாரு?"

"யாரா? அக்காதான்! இங்க ஏறுனா மாட்டுங்கா வரைக்கும் வாய் மூடாது. பாட்டு, மிமிக்ரி, ஊர்க்கதை. அக்கா லீவு போட்டா டப்பாவே செத்துப்போயிரும்."

"ஆள் மாத்திச் சொல்லுத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பென் டிரைவ் கதையைச் சொன்னேன்.

"ஆபீஸ்ல எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு கேக்கான், மறந்துபோவுதுன்னு அக்கா புலம்பும். ரேடியோன்னு போட்டு வண்டி நேரத்தச் சேத்துக்கோன்னு நாங்கதான் சொன்னோம். டப்பா முழுக்கத் தெரியுமே அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லலியா?"

ஜெராக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை. நேராக அந்தக் கடைக்குப் போனேன். முதல் தடவையிலேயே திறந்தது. கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

எல்லாம் அந்த டப்பாதான். தசராவுக்கு ஜன்னல் கம்பியெல்லாம் சாமந்தி மாலை கட்டி, வண்டிக்குப் பூஜை போட்டு, எல்லோருமாகப் புதுச்சேலையில். நடுவில் அவள், சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தப் பல்வரிசையை நான் பார்த்ததே இல்லை.

ஒரு வீடியோவில், குரலைக் கட்டையாக்கி, இடுப்பில் கை வைத்துப் பேசுகிறாள்: "ஏட்டி, சட்னிக்கு உப்ப எங்க போட்ட? கடல்லயா?"

நான்தான் அது. அச்சு அசல். டப்பாவே விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கடையில் யாரும் இல்லை.

சீப்பு பிடித்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினேன். "மாலை போடுத படத்துல யாராவது இப்படிப் பல்லக் காட்டுவாவளா?" என்று என் அண்ணன் கேட்டான். "உனக்குப் பிடிக்கலன்னா சுவரப் பாக்காத" என்றேன்.

இப்போதும் சில நாள் என் வண்டியை விட்டுவிட்டு எட்டு பதிமூன்றுக்காக நிற்கிறேன். லேடீஸ் டப்பாவிலிருந்து ஒரு கை ஆடும். இருபது வருடம் என் வீட்டில் இருந்தவளை அந்தப் பென் டிரைவில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த டப்பா என்னைக் கடந்து போகும்போதெல்லாம் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.