அண்ணாவுக்குப் போன தேசிக்காய்

கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். தேசிக்காய் என்கிற எலுமிச்சை மலிகிற காலம் வந்துவிட்டால் அம்மாவுக்கு வேறு நினைப்பு இராது. பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் பேரம் பேசிப் பை நிறைய வாங்கிவருவார். ஒவ்வொன்றையும் அடி பிரியாமல் நாலாகப் பிளந்து, உப்பை அடைத்துச் சாடியில் போடுவார். ஊறியபின் பகலில் சுளகில் பரப்பி மொட்டைமாடி வெயில், பின்னேரம் மறுபடியும் சாடி. தோல் கறுத்து மெதுவானதும் மிளகாய்த்தூள் சேர்த்துப் போத்தலில் அடைத்தால், அடுத்த காய்ப்பு வரைக்கும் சோற்றுக்குக் கவலையில்லை.

காகம் விரட்டுவது என் வேலை. தூறல் விழுந்தால் சுளகுகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடுபவளும் நான்தான். ஆகவே ஊறுகாயில் முதல் உரிமை எனக்கே என்பதில் ஒன்பது வயதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்த வருடம் அண்ணா ஹொஸ்டலுக்குப் போய்விட்டார். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் வீட்டில் இல்லை; அவருடைய புத்தகங்கள் மட்டும் மேசையில் கிடந்தன. ஹொஸ்டலில் புதுப் புத்தகம் கொடுப்பார்கள் போலும் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அப்பா அடிக்கடி லீவு போட்டுவிட்டு, கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைக்கு ஒரு லோயரிடம் போய்வந்தார். பெரிய ஹொஸ்டலென்றால் லோயர் வைத்துத்தான் சேர்ப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

தோல் மெல்லிய, நன்றாக ஊறிய துண்டுகளை அம்மா அண்ணாவுக்கென்று பொறுக்கிவைப்பார். அங்கே கண்ணாடிப் போத்தல் கொண்டுபோக விடமாட்டார்களாம். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப்போவார். கசப்பு மாறாத கட்டைத் துண்டுகள் எங்களுக்கு. வெயிலில் நின்று கறுத்தது நான், ஊறுகாய் தின்றது அவர்.

பள்ளிக்கூட விழாவில் நான் நடனமாடிய நாளும் அம்மா அண்ணாவிடம்தான் போயிருந்தார். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் தலைக்குப் பூ வைத்துவிட, எனக்கு மட்டும் டீச்சர் வைத்துவிட்டார். அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

"உங்களுக்கு அண்ணாவைத்தான் பிடிக்கும். என்னையும் அந்த ஹொஸ்டலிலையே கொண்டுபோய் விடுங்கோ!"

அப்பா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "வாயை மூடு! இனி அப்பிடிக் கதைக்கக்கூடாது, விளங்குதோ?"

அப்பா என்னை அதுவரை அதட்டியதேயில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு முட்டும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். என் பக்கம் நியாயம் இருப்பதை ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

அடுத்த தேசிக்காய்க் காலம் முடிவதற்குள் அண்ணா வந்துவிட்டார். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவார். அம்மா புதுப் போத்தலைத் திறந்து நல்ல துண்டாகப் பார்த்து அவருடைய சோற்றில் வைத்தார். நான் வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா அதைத் தொடவில்லை. மணம் பட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"எனக்கு வேண்டாம் அம்மா. இதைத் தங்கச்சிக்குக் குடுங்கோ."

"உனக்கெண்டுதானேயடா ராசா போட்டனான்."

"அங்கை ஒவ்வொரு நாளும் இதோடைதான் சாப்பிட்டனான். இப்ப இந்த மணத்துக்கு அந்த இடம் கண்ணுக்கு முன்னாலை வருது."

அவர் எழுந்து கைகழுவப் போனார். அம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார். அண்ணாவைப் பிடித்து வைத்திருந்தது தடுப்பு முகாமில் என்பதை எனக்கு யாராவது சொல்ல இன்னும் சில வருடங்கள் இருந்தன. அன்றைக்கு நான் அவருடைய கோப்பையை என் பக்கம் இழுத்து, அந்த நல்ல துண்டை ஆசைதீரத் தின்றேன். ஹொஸ்டலில் நல்ல நல்ல சாப்பாடு தின்று பழகியவருக்கு வீட்டு ஊறுகாய் எங்கே பிடிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.