அய்யாவுவின் ஓட்டு

அய்யாவு இறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் யாமினி தலையில் பூ வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். கோலார் தங்கவயலில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போன இடத்தில் புருஷனுக்கு மாரடைப்பு. அங்கேயே அடக்கமும் ஆயிற்று. பெங்களூரில், ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், புருஷன் துபாயில் பெயின்ட் வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். எல்லாம் வீட்டுக்காக. சர்க்கார் கட்டும் அடுக்குமாடியில் அய்யாவு பெயருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாவி கைக்கு வருமுன் ஆள் செத்தால் வீடு அடுத்தவனுக்குப் போய்விடும் என்று கொழுந்தன் குணசேகர் அவளை மிரட்டியிருந்தான்.

குணசேகர் கட்சிக்காரன், பூத் ஏஜெண்ட். சட்டசபைத் தேர்தல் வந்ததும் இன்னொன்றும் சொன்னான். ஓட்டு விழாத பெயரை லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார்களாம், லிஸ்டில் பெயர் இல்லாதவனுக்கு வீடு கிடையாதாம். கலப்படமில்லாத பொய். அந்தச் சந்தில் யார்தான் நம்பமாட்டார்கள்? யாமினி புருஷனுடைய ஓட்டர் கார்டை எடுத்துக் கொடுத்தாள். எவனோ ஒருவன் அய்யாவுவாகப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தான்.

குணசேகரின் வேட்பாளர் இரண்டே ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் சும்மா இருப்பாரா? செத்தவர்களெல்லாம் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். அவர் கொடுத்த பட்டியலில் அய்யாவு பெயரும் இருந்ததால் யாமினிக்கு சம்மன் வந்தது. ஓட்டுப் போட துபாயிலிருந்து வந்துபோனார் என்று சொல்லும்படி குணசேகர் பாடம் நடத்தினான்.

தோற்றவரின் வக்கீல் அதட்டவில்லை. அன்று காலை உங்கள் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடப் போனார் என்று கன்னடத்தில் சாதாரணமாகக் கேட்டார். இட்லி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இல்லாத மனுஷனுக்கு இட்லி எடுத்துவைக்க அவளால் முடியவில்லை.

"அவர் செத்துட்டாருங்க" என்றாள். அப்புறம் அழுதாள். அன்றைக்குத்தான் அவர் போனதுபோல, கோர்ட்டென்றும் பாராமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்ததும் குணசேகர் பாய்ந்தான். "ஒரு பொய் சொன்னா என்ன அண்ணி? வீடு போச்சில்ல?"

"வீட்டுக்குன்னீங்க, ஓட்டுக்குன்னீங்க, அவர சாக விடல. என்னைய ஒரு நாள் அழ விட்டீங்களா?"

மற்ற பெயர்கள் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரு ஓட்டைக் கழித்தாலும் முடிவு மாறாது என்று தீர்ப்பு வந்தது. சந்தில் பட்டாசு வெடித்தார்கள். முன்னால் நின்று கொளுத்தியவன் குணசேகர்.

சாவை மறைத்ததற்காக அய்யாவு பெயரிலிருந்த வீட்டு ஒதுக்கீடு ரத்தானது. கெஞ்சிப் பார்க்கலாம் என்று யாமினி வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். உன் வீட்டுக்காரர் இறந்த உடனே வந்து சொல்லியிருந்தால் உன் பெயருக்கே மாற்றிக் கொடுத்திருப்போமே அம்மா என்றார்.