நான் மன்றத் தலைவரான விதம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாணவர் மன்றம் என்ற ஒன்றைக் கொண்டு வந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் மாஸ்டர். அதற்கு முன்னெல்லாம் பாடம் முடிந்தால் மணி அடிக்கும், மணி அடித்தால் நாங்கள் கடற்கரைக்கு ஓடுவோம். மாஸ்டரால் அதைப் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் கடைசிப் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் நாங்கள் பேசவும் பாடவும் விவாதிக்கவும் வேண்டும் என்றார். அதை நடத்த ஒரு தலைவர் வேண்டும், அந்தத் தலைவரை நாங்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். தலைமைத்துவம் என்ற சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம் வாயில் கற்கண்டு கிடப்பது போலிருக்கும்.

தலைவருக்குக் கைபிடி வைத்த கதிரை உண்டு. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வரும் அன்று அவரை வரவேற்றுப் பேசுவதும் தலைவர்தான். இந்த இரண்டையும் கேட்ட பிறகு எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாமென்று ஆகிவிட்டது. எஸ்.எஸ்.சி.க்கு முந்திய வகுப்பில் இருந்தேன். மீசை வருவதாக எனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்த வயது. வீட்டுக்குப் போன கையோடு வித்தியாதரிசிக்கான வரவேற்புரையை எழுதி முடித்து மனப்பாடமும் பண்ணிவிட்டேன். இடையில் தேர்தல் என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மாஸ்டருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கல்முனைப் பக்கத்துச் சோனக முஸ்லிம்கள் குடி குடியாக வாழ்கிறவர்கள். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கக் குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பார். கந்தூரிச் சோறு பங்கிடுவதிலிருந்து கல்யாணப் பந்தலில் யார் எங்கே உட்காருவது என்பது வரைக்கும் எல்லாம் குடிப்படிதான். தலைமை என்றால் எங்களுக்குத் தெரிந்த தலைமை அது ஒன்றுதான்.

எனவே தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லுங்கள் என்று மாஸ்டர் கேட்டதும் வகுப்பே எழுந்து நின்றது. ஒவ்வொரு குடியும் தன் குடியில் ஒருவனை முன்மொழிந்தது. ஒரு குடியில் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவன் முன்மொழிய மற்றவன் வேட்பாளன் ஆனான். மாஸ்டர் பூரித்துப் போனார்.

“இவ்வளவு தலைமைத்துவம் உள்ள பிள்ளையளை நான் ஒரு பள்ளிக்கூடத்திலையும் காணேல்லை” என்றார்.

ஆனால் தலைவர் ஒருவர்தான் என்று அவர் விளக்கியபோது கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மெல்ல எழுந்தான். “அப்ப மத்தக் குடிகளுக்கு ஆர் சேர் பொறுப்பு?” என்று கேட்டான். மாஸ்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. திறமை உள்ளவனுக்கு வாக்குப் போட்டால் எல்லாம் சரியாகும், அடுத்த வியாழக்கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரத்துக்குள் சின்னக் குடிகள் எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டன. உபதலைவர், காரியதரிசி, உபகாரியதரிசி, பொருளாளர் என்று ஆளுக்கொரு பதவியை வாக்குறுதியாக வாங்கிக்கொண்டு என்னை முன்னே தள்ளிவிட்டார்கள். நான் நல்லாய்ப் பேசுவேன் என்பதும் ஒரு காரணம்; அதை நானே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். எதிரே நின்றவன் ஊரிலேயே பெரிய குடியைச் சேர்ந்த என் மச்சான், வாப்பாவின் தங்கை மகன். சின்னக் குடிகள் அத்தனையும் தலைகீழாக நின்றாலும் அந்தக் குடியின் வாக்குக்கு ஈடு கட்ட முடியாது. மச்சானுக்குத் தலைவர் பதவியில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. அவனுக்கு மாங்காயும் உப்பும் கிடைத்தால் போதும். ஆனால் குடி நிறுத்தினால் நிற்கத்தானே வேண்டும்.

நான் கடைசியாக நம்பியிருந்தது வாப்பாவைத்தான். சவளக்கடைப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தவர். அவர் குடியில் அவர் சொல்லுக்கு நாலு பேர் தலையாட்டுவார்கள். அவர் தன் குடிப் பிள்ளைகளிடம் எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றவரிடம் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“நீ எண்ட புள்ளதான். அதுக்காக எண்ட குடியாகிருவியா? எண்ட தங்கச்சிட மகன் நிக்கக்குள்ள நான் எப்பிடி ஒனக்குக் கதைக்கிற?” என்றார்.

பெற்ற தகப்பன் எனக்கு எதிர்க்கட்சி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடக்க முடியாமல் அழுகை வந்தது. குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“இது எண்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. எண்ட மகன் தோத்தா, மாத்துக் குடியாருக்கு இஞ்ச சோறில்ல. சொல்லிப்போட்டன்.”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். ஆண் கல்யாணம் முடித்து வந்து இருப்பவன். ஆகவே அதை வெறும் பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அன்றிலிருந்து வாப்பாவின் பீங்கானுக்குச் சோற்றில் ஊற்றும் மீன் ஆணம் தேங்காய்ப் பால் இல்லாமல் வந்தது. அவர் பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த கோலுக்கும் நோகாமல் இருக்கப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு ஆணத்துக்குப் பதில் சம்பல் வந்தது. அதற்குப் பிறகு வாப்பா பின்னேரங்களில் தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கவலையெல்லாம் தேர்தலன்று பேச வேண்டிய உரையைப் பற்றியது.

தேர்தலுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிரியின் தாய். நான் கிணற்றடியில் நின்று, கிணற்றுக்குள் குனிந்து பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்; குரல் திரும்பி வரும்போது மண்டபத்தில் பேசுவது போலவே இருக்கும். மாமி நேரே என்னிடம் வந்தார்.

“நிமிந்து நில்லுங்க பாப்பம்” என்றார்.

நிமிர்ந்து நின்றேன். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். ஓதத் தெரியுமா, இரவில் இருமல் உண்டா, படித்து முடித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். தலைமை தாங்கப் போகிறேன் என்றேன். அதற்குச் சம்பளம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் முகம் சற்றே வாடியது. அப்படியானால் வாத்தியார் வேலைக்குப் படிக்கும்படி சொன்னார். பிறகு சிரிக்கச் சொன்னார். மேடையில் பேசுகிறவனுக்குப் பல் முக்கியம்தானே என்று எண்ணி, கடைவாய்ப் பல்வரை இளித்துக் காட்டினேன். மச்சானைவிட நான் தகுதியானவனா என்று நேரில் பார்த்துப்போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அந்த நேர்மைக்காக அவர்மேல் மரியாதை கூட வந்தது.

பிறகு மாமியும் உம்மாவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்கள். இருவர் வாயும் வெற்றிலையில் சிவந்திருந்தது. அன்றிரவு வாப்பாவுக்குக் கெட்டிப் பாலில் மீன் ஆணம் கிடைத்தது. அவர் அதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்து, என் தலையைத் தடவிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் மன்றம் கூடியது. முதலில் மச்சான் பேச எழுந்தான். “எண்ட மச்சானுக்குப் போடுங்க. உம்மா சொல்லச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மாஸ்டர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார். அடுத்தது நான். தமிழில் எத்தனை அடைமொழி உண்டோ அத்தனையையும் பயன்படுத்தினேன். கலங்கரை விளக்கம், கரை காணாத கடல், காலத்தின் அழைப்பு எல்லாம் வந்தன. பெரிய குடிப் பையன்கள் கொட்டாவி விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னதும் அத்தனை பேரும் எனக்கே தூக்கினார்கள். மச்சான் மாங்காய் இருந்த கையைத் தூக்கினான்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு பேச்சு மனிசரை மாத்தும் எண்டதுக்கு இதைவிட வேற அத்தாட்சி வேணுமோ?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். எனக்கும் வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் என் வெற்றியைக் கொண்டாட ஊரே திரண்டு வந்தது. அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். மாமியின் குடிப் பெண்கள் வெள்ளைத் துணி மூடிய தட்டங்களைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையாக எங்கள் வளவுக்குள் நுழைந்தார்கள். ஒரு தட்டத்தில் சீப்புச் சீப்பாய் வாழைப்பழம், ஒன்றில் வட்டிலப்பம், ஒன்றில் எனக்கென்று புதுச் சாரனும் சட்டையும். பெண்கள் குரவை போட்டார்கள். எங்கள் மரைக்காயரும் அவர்கள் மரைக்காயரும் வந்து பாயில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மச்சானின் தங்கை மட்டும் வரவில்லை. அவளுக்கு என் வெற்றியில் பொறாமை என்று எண்ணிக்கொண்டேன்.

இத்தனை பேர் வந்திருக்கும்போது ஒரு தலைவர் பேசாமல் இருப்பது முறையல்லவே. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். என்மேல் நம்பிக்கை வைத்து என்னைத் தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். குடி பேதம் பாராமல் என்னை ஏற்றுக்கொண்ட பெரிய மனதைப் பாராட்டினேன். இந்தப் பொறுப்பு இலேசானதல்ல என்பது எனக்குத் தெரியும் என்றேன். இன்பத்திலும் துன்பத்திலும் இதைக் கைவிட மாட்டேன், என் உயிருள்ளவரை சுமப்பேன் என்று மார்பில் கை வைத்துச் சொன்னேன்.

பெண்கள் போட்ட குரவை கடற்கரைவரை கேட்டிருக்கும். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வாப்பா வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். அழுகிறார் என்று நினைத்தேன். இரண்டு மரைக்காயர்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

“மாப்பிள்ளையே வாயால சொல்லிட்டாரு. இனி என்ன பேச்சு?” என்றார் அவர்களில் பெரியவர்.

மன்றத் தலைவர் பதவி அடுத்த ஆண்டே இன்னொரு குடிக்குப் போய்விட்டது. மச்சானின் தங்கைக்கும் எனக்கும் கல்யாணம், நான் ஆசிரிய கலாசாலை முடித்து வேலைக்குப் போன பிறகு நடந்தது. ஆனால் அன்று பின்னேரம் கைதட்டலை எதிர்பார்த்து முற்றத்தில் நின்ற என்னை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. அந்த வளவில் நின்றவர்களில், நான் எந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்பது தெரியாதவன் நான் ஒருவன்தான்.