பதினோராம் கட்டம்

மூன்று வாரமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது டிரைவர். காலை ஆறரைக்குத் தொட்டியின் முன்னால் நின்று, பெரிய சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டியை வளைவில் ஒடிப்பதுபோல் திருப்பித் திருப்பித் தேய்ப்பார். கரி போகும்வரை விடமாட்டார். கழுவியதை அளவுவாரியாகக் கவிழ்த்துவிட்டு, கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஓரடி தள்ளி நின்று சரிபார்ப்பார். இருபத்தேழு வருடம் பேருந்தை வரிசையில் நிறுத்திப் பழகிய கை. அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடியபடி இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். நான் தேய்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் உட்காருங்கள் என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்து உட்கார்ந்துதான் இத்தனை வருஷம் போச்சு, கொஞ்ச நாள் நிற்கிறேன் என்று பதில் வந்தது. அப்புறம் அவள் சொல்வதில்லை.

ஏழு பத்துக்கு அவள் கிளம்பிவிடுவாள். அவரும் போயிருக்கவேண்டிய அதே பணிமனைக்கு.

பணிமனையில் அவளுக்குப் பெயர் படிவக்கா. விபத்துப் பிரிவின் எழுத்தர். பிரிவு என்றதும் பெரிய கூடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு இரும்பு அலமாரி, மழை வந்தால் சுவரோரத்திலிருந்து நகர்த்தவேண்டிய ஒரு கணினி. பேருந்து எதன்மேல் இடித்தாலும், எது பேருந்தின்மேல் இடித்தாலும், டிரைவர் முதலில் வந்து நிற்பது அந்த மேசை முன்னால்தான். கை நடுங்குகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பாள். வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் படிவத்தை எடுப்பாள்.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதினோராவது, விபத்தின் காரணம். அதில் நான்கு சிறு சதுரங்கள்: ஓட்டுநர், வாகனம், சாலை, வானிலை. ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும். ஒன்றில் மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவள் ஒரே ஒருமுறை 'சாலை' என்ற சதுரத்தில் டிக் போட்டாள். அன்று நடந்தது அதுதான். பெயர்ந்து கிடந்த பாலத்து ஓரத்தில் சக்கரம் இறங்கிவிட்டது. ஆனால் அந்த டிக்குக்கு ஒரு விதி உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாலைதான் காரணம் என்றால், சாலைத்துறைப் பொறியாளர் வந்து வண்டியையும் இடத்தையும் அளந்து கையெழுத்துப் போடும்வரை வண்டி வெளியே போகக்கூடாது. பொறியாளர் வந்தது நாற்பத்தேழாம் நாள். அதற்குள் சக்கரங்களுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்துவிட்டது. அந்தத் தடத்தில் ஓடியது அந்த ஒரு வண்டிதான். வேலைக்குப் போகமுடியாதவர்கள் திரண்டு வந்து பணிமனை வாசலில் கத்தினார்கள். கிளை மேலாளர் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் டிக் போடுவதற்குமுன் வாசலில் நிற்கிற கூட்டத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள் என்றார்.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. எது நடந்தாலும் 'ஓட்டுநர்'. வண்டி மறுநாள் காலை ஓடும். டிரைவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும். அதன் நகல் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சம்பளத்தில் கை வைப்பதில்லை, பதவி உயர்வைத் தடுப்பதில்லை என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னார், சங்கமும் தலையாட்டியது. எண்பத்திரண்டு தடத்துக்கு அறுபத்தோரு வண்டி வைத்திருக்கிற பணிமனை அது. புது வண்டி வந்து எட்டு வருடம் ஆகிறது. டிரைவர்களே வந்து, "அக்கா, என் மேலயே போட்டு விட்ருங்க, வண்டி நாளைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரையும் கெடுக்கிற எண்ணத்தில் யாரும் செய்ததில்லை. விபத்துப் படிவங்களைத் தாமதமில்லாமல் அனுப்பும் பணிமனை என்று தலைநகரிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் நெடுஞ்சாலையை ஆறுவழிச் சாலையாக அகலப்படுத்தினார்கள். தண்ணீர்த்தொட்டி வளைவு என்று எல்லோரும் சொல்கிற இடத்தில், வளைவு முடிந்த இருபதாவது அடியில் பேருந்து நிறுத்தத்தை வைத்தார்கள். பின்னால் வேகமாக வருகிற லாரிக்கு, நிற்கிற பேருந்து கடைசி நொடியில்தான் தெரியும். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எதிர்ப்பக்கம் போகவேண்டுமென்றால் நடுச்சுவரின் உடைந்த இடுக்கு வழியாகத்தான் போகவேண்டும். நடைமேம்பாலம் வரைபடத்தில் இருந்தது. வரைபடத்தோடு நின்றது. சாலை திறந்த பிறகு அந்த ஓரிடத்தில் மட்டும் நாற்பத்தோரு விபத்துகள். நாற்பத்தோரு படிவங்கள். எல்லாம் படிவக்காவின் கையெழுத்து.

அவற்றில் மூன்று அவள் கணவருடையவை. முதல் முறை ஒரு பால்வண்டி பின்னால் வந்து உரசியது. இரண்டாம் முறை மிதிவண்டிக்காரர் ஒருவர் இடுக்கு வழியாகக் குறுக்கே வந்து கையை ஒடித்துக்கொண்டார். அந்த நாட்களில் வீட்டில் அது கேலிப்பேச்சாகத்தான் இருந்தது.

"என்ன, இன்னைக்கும் என்னைத்தான் மாட்டி விட்டியா?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"வேற யாரை மாட்டி விட? எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தானே" என்பாள்.

மூன்றாவது, போன மாதம். வளைவில் சறுக்கிய இருசக்கர வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்த பேருந்தின் அடியில் போனது. ஓட்டியவர் ஒரு மின்பணியாளர். கால் மூன்று இடத்தில் முறிந்தது. நின்ற வண்டிக்கு ஓட்டுநரின் கவனக்குறைவு எப்படிக் காரணமாகும் என்று படிவம் கேட்பதில்லை. கேட்கவேண்டியவளும் கேட்கவில்லை. கணவர் மேசைக்கு எதிரே முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பழக்கதோஷத்தில் முதல் சதுரத்தில் டிக் போட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.

ஒன்பது நாள் கழித்துப் புதிய கொள்கை வந்தது. தேசம் முழுவதும் விபத்தைப் பாதியாகக் குறைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. டிரைவர் கண் இமைப்பதை எண்ணுகிற கேமரா ஒவ்வொரு வண்டியிலும். ஓட்டுநர்களுக்கு ஐந்து நாள் ஒழுக்கப் பயிற்சி. ஊர் ஊருக்கு விளம்பரப் பலகை. புது வண்டி பற்றி ஒரு வரி இல்லை, சாலையைச் சரிசெய்வது பற்றி அரை வரி. பதினேழாம் பக்கத்தில் ஒரு விதி: கோப்பில் மூன்று எச்சரிக்கைக் கடிதம் உள்ள ஓட்டுநர் உடனே வண்டியிலிருந்து இறக்கப்படவேண்டும், விசாரணையில் மூன்றாவது கடிதம் உறுதியானால் கனரக உரிமம் ரத்து. கோப்புக்குள் படுத்திருந்த கடிதங்கள் எல்லாம் ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்தன. பணிமனையில் மூன்று கடிதம் வாங்கியவர்கள் பதினான்கு பேர். அவர்களில் அவரும் ஒருவர். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. வண்டியிலிருந்து இறக்கி மூன்று வாரம் ஆகிவிட்டது, விசாரணை வருகிற திங்கட்கிழமை.

கொள்கையை விளக்க அமைச்சகத்திலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். முப்பது வயதுப் பெண். கையில் கணினி, தோளில் பெரிய பை. உணவுக்கூடத்துச் சுவரில் படம் போட்டுக் காட்டினார். விபத்துகளில் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்கு ஓட்டுநரே காரணம் என்று ஒரு பெரிய சிவப்பு வட்டம். கடைசி வரிசையில் ஒரு நடத்துநர், மீதி ஏழும் எங்களோடதா இருக்கும், எழுதிக்கங்க என்று முணுமுணுத்தார். சிரிப்பு எழுந்து அடங்கியது. படிவக்கா சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பு தன் பேனாவிலிருந்து போனது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஆலோசகரிடம் போய், மேசைக் கதையை முழுவதும் சொன்னாள். நாற்பத்தேழு நாள், புல், வாசலில் கத்தல், வாய்வார்த்தை, எல்லாம். அந்தப் பெண் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கணினியைத் திறந்து தண்ணீர்த்தொட்டி வளைவைத் தேடிக் காட்டினார். சாலை காரணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

"நிதி ஒதுக்கறப்ப நாங்க பாக்கறது இந்த ஒரு எண்ணைத்தாங்க. இதுல அஞ்சு இருந்திருந்தாக்கூட, போன வருஷமே அங்க நடைமேம்பாலம் வந்திருக்கும்."

படிவக்கா அந்தப் பூஜ்யத்தை இன்னொரு தடவை பார்த்தாள். கணவருடைய மூன்றாவது படிவத்தைத் திருத்தித் தரலாமா என்று கேட்டாள். ஒன்றை மட்டும் திருத்தினால் புருஷனுக்காகத் திருத்தியது என்றாகிவிடும், யாரும் ஏற்கமாட்டார்கள் என்றார் ஆலோசகர். நாற்பத்தொன்றையும் சேர்த்து, தவறாக நிரப்பப்பட்டவை என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். யார் நிரப்பியது, ஏன் நிரப்பியது என்பதையும் அதில் எழுதவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். எழுதினால் தன் வேலை என்ன ஆகும் என்று இவள் கேட்டபோது, அந்தப் பெண் கணினியை மூடிப் பைக்குள் வைத்தபடி, அது என் துறை இல்லைங்க என்றார். கெட்ட மனுஷி இல்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேலாளரிடம் போனாள். இப்போதிருப்பவர் வேறு ஆள், அந்த வாய்வார்த்தைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் அப்படி ஒரு ஏற்பாடே இருந்ததில்லை என்று அர்த்தம், பத்தொன்பது வருடமாக நீங்கள்தான் சொந்தப் பொறுப்பில் டிக் போட்டிருக்கிறீர்கள் என்று பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சங்கத் தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று கடிதம் வாங்கிய பதினான்கு பேருக்காகப் பேசலாம், ஆனால் ஒரு கடிதம்கூட வாங்காத இருநூறு பேர் கேமரா வைத்த வண்டியை ஓட்டுவதற்குத் தனிப் படி வாங்கித் தரச் சொல்கிறார்கள், நான் யாரைத்தான் பார்ப்பது என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை மதியம் இளைய டிரைவர் ஒருவன் மேசை முன்னால் வந்து நின்றான். அவள் கணவரின் தடத்தில் இப்போது ஓட்டுபவன். கல்யாணமாகி நான்கு மாதம். தண்ணீர்த்தொட்டி வளைவில் ஒரு கார் பின்னால் வந்து முட்டியிருந்தது. யாருக்கும் அடியில்லை. வழக்கம்போல், என் மேலயே போட்டுருங்கக்கா என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கு அது இரண்டாவது கடிதமாகிவிடும். நாளைக்கு நிரப்பறேன், நீ போ தம்பி என்று அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் மேசையில் ஒரு படிவம் காலியாகத் தங்கியது.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். நாற்பத்தோரு தேதிகளையும் விரலால் தொட்டுக்கொண்டு போனார். தன்னுடைய மூன்றிலும் விரல் சற்று நின்றது.

"நல்லாத்தான் எழுதியிருக்க. இதைக் குடுக்காத."

காரணத்தையும் அவரே சொன்னார். உரிமம் போனாலும் டயர் கிடங்கில் ஒரு வேலை போட்டுத் தருவார்கள், பேசி வைத்திருக்கிறேன். உன் வேலை போனால் அப்படி ஒரு கிடங்கு கிடையாது. பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு இருக்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதினாள் என்று உன்மேல் வழக்கே போடுவார்கள். மேலாளர் அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் தேய்ப்பதற்கு அத்தனை பாத்திரம் நம் வீட்டில் இல்லை.

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"டயர் கிடங்குல உங்களால இருக்க முடியாது. எனக்குத் தெரியும்."

"முடியுமா முடியாதான்னு யாரு கேட்டா? இருந்துக்குவேன்."

"உங்களுக்காக மட்டும் நான் எழுதலைங்க."

"எனக்காக மட்டும் எழுதியிருந்தா நாலு திட்டு திட்டிட்டுக் குடுக்க விட்டிருப்பேன். ஊருக்காக எழுதியிருக்க. ஊரு வந்து உனக்குச் சம்பளம் குடுக்குமா? அன்னைக்கு வாசல்ல நின்னு கத்தினதும் இதே ஊருதான்."

அவர் குரல் உயரவில்லை. வண்டிக்குள் சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவர்களிடம் பேசுகிற அதே அலுத்த குரல். நான்கு பக்கத்தையும் ஓரம் சேர்த்துத் தட்டி, கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியம் வந்த பையனைப் பற்றிச் சொன்னாள். கார்க்காரன் பின்னால் வந்து முட்டியதை, இவன் சரியாக நிறுத்தத்தில் நின்றதை, பாதியில் அவன் வாயை மூடிக்கொண்டதை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அந்த வளைவில் அவன் எப்படி நின்றிருப்பான், கண்ணாடியில் எது எப்போது தெரிந்திருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்தப் பணிமனையில் இல்லை.

"படிவம் அப்படியே மேசைலதான் கிடக்கு. நாளைக்குக் காலைல வந்து நிப்பான். அவனுக்கு நான் எந்தக் கட்டத்துல டிக் போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளைக் கடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.